இடக்கை முடிச்சு

எதிர்வீட்டு ஹேமலதாவுக்குச் சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. நான்காவது வியாதி புருஷன் என்று நான்தான் கிண்டல் செய்வேன். சர்க்கரையால் அவளுக்குக் கண் மங்கிய பிறகு, புருஷன் தனசேகரன் தன் தறியில் மிஞ்சிய பட்டு நூலால் தினமும் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி வைப்பார். சர்க்கரைக்குச் சிவப்பு, பிரஷருக்குப் பச்சை, தைராய்டுக்கு மஞ்சள். இடக்கைக்காரர் என்பதால் முடிச்சு எதிர்ப்பக்கம் விழும்.

ஆடியில் அவர் இறந்துபோனார். பொட்டலங்கள் நிற்கவில்லை.

"நீயே கட்டிகினு கதை உடறியா?" என்று கேட்டேன். முடிச்சைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

தையில் ஒருநாள் சிவப்பைக் காணோம். அவளும் அந்த மாத்திரையைப் போடவில்லை. சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது, போட்டிருந்தால் ஆபத்து என்றாராம் டாக்டர்.

இன்று காலை எட்டிப் பார்த்தேன். கல்யாண முகூர்த்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு ஒண்ணுமே கட்டி வைக்கலக்கா. எல்லாம் சரியாப்பூடுச்சி போல."

மூன்று நிற நூலும் ஒன்றாக முறுக்கி அவள் மணிக்கட்டில் கட்டியிருந்தது. முடிச்சு எதிர்ப்பக்கம்.

"கத்தரிக்கோல் எங்கடி வச்சிருக்கே?" என்றேன்.

சிரித்துக்கொண்டே கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.