திறக்கக் கூடாத ஸ்க்ரூ

“இந்த டார்ச் இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குங்க. எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்க” என்றாள் மனைவி, டீ கிளாஸை மேசை ஓரத்தில் வைத்தபடி.

கேட்ட என்ஜினீயருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அவர் நிஜ என்ஜினீயர் இல்லை. தபால் ஆபீஸ் குமாஸ்தா. கண்ணில் பட்ட சாமானையெல்லாம் பிரித்துப் போடுவதால் மனைவி வீட்டார் வைத்த பட்டப்பெயர் அது. அதைப் பாராட்டு என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் கைபட்ட மிக்சி இப்போது அரைப்பதில்லை, அலறுகிறது. வாசலில் அழைப்பு மணியை அழுத்தினால் குளியலறை விளக்கு அணைந்துவிடும். உள்ளே குளித்துக்கொண்டிருப்பவர் போடும் கூச்சலில் விருந்தாளி வந்திருப்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இன்று விடுமுறை. அவருடைய ஆசையெல்லாம் பின்னறையில் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்த வாஷிங் மெஷின் மேல்தான். அதைப் பிரித்துப் பார்க்க அவருக்குக் கை துறுதுறுத்தது. மனைவியோ காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“முதல்ல டார்ச். அது எரிஞ்சாத்தான் மெஷின் மேல கை வைக்கலாம். எரியலைன்னா இந்த ஜென்மத்துல அதைத் தொடக் கூடாது.”

“டார்ச்தானே, அஞ்சு நிமிஷ வேலை” என்று உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

டார்ச்சின் கழுத்தைச் சுற்றி மூன்று ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் தலையிலும் நட்சத்திரம் மாதிரி ஒரு பள்ளம், பள்ளத்துக்கு நடுவில் ஒரு குட்டிக் குச்சி. எந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்தாலும் அந்தக் குச்சி வழிமறித்தது.

டார்ச்சின் உடம்பெல்லாம் கீறலும் நசுங்கலுமாக இருக்க, ஸ்க்ரூ மட்டும் பளபளவென்று மின்னியது. “பழைய காலத்து இரும்புன்னா சும்மாவா” என்று மெச்சிக்கொண்டார்.

நகவெட்டியை வைத்துத் திருகினார், நகவெட்டி மழுங்கியது. மனைவியின் கொண்டை ஊசி வளைந்தது. பேனாவின் அடியை நெருப்பில் இளக்கி, ஸ்க்ரூ தலையில் அழுத்தி, ஆறியதும் திருப்பிப் பார்த்தார். பேனா கெட்டியாக ஒட்டிக்கொண்டதே தவிர ஸ்க்ரூ அசையவில்லை. பேனாவைப் பிய்த்தெடுப்பது தனி வேலையாகிவிட்டது.

உள்ளே மனைவி ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்திருந்தாள்.

“கொஞ்சம் குறையேன், யோசிக்கவே முடியலை.”

“வேலை அலுப்பு தெரியாம இருக்கட்டும்னுதாங்க வச்சேன்” என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு டீயும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இப்படியொரு கவனிப்பை அவர் கண்டதில்லை.

ஹார்டுவேர் கடைக்காரருக்கு போன் போட்டார்.

“நட்சத்திர ஸ்க்ரூ, நடுவுல குச்சி. அதுக்கு ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?”

“சொன்னாத்தான் சார் வரவழைப்போம், ரெண்டு நாளாகும். அது திறக்கக் கூடாதுன்னே போடற ஸ்க்ரூ.”

“யாரு திறக்கக் கூடாது?”

கடைக்காரருக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும். “அதை நான் எப்படி சார் என் வாயால சொல்றது” என்று வைத்துவிட்டார்.

என்ஜினீயருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஒரு டார்ச்சிடம் தோற்றுவிட்டு மெஷின் பக்கம் எந்த முகத்தோடு போவது? வெறி வந்தவர்போல் ஓர் ஆணியை எடுத்தார், அந்தக் குச்சியின் மேல் சாய்த்து வைத்தார், சுத்தியலால் ஒரே போடு போட்டார்.

குச்சி முறிந்து தெறித்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரின் தட்டை முனை இப்போது பள்ளத்துக்குள் கச்சிதமாக இறங்கியது. திருகினால், ஸ்க்ரூ சொன்ன பேச்சைக் கேட்டுச் சுழன்று வந்தது. மற்ற இரண்டுக்கும் அதே வைத்தியம்.

உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். உப்புத்தாளால் தேய்த்து, பேட்டரியைப் போட்டு, மூடி, பட்டனை அழுத்தினார். வெளிச்சம் கண்ணைப் பறித்தது. கிழிந்த பனியனோடு வெற்றிக் கோப்பை வாங்கப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பட்டப்பகலில் எரியும் டார்ச்சை ஏந்தியபடி பின்னறைக்குப் போனார்.

“எரியுது பாரு. நகரு, மெஷினைப் பிரிக்கணும்.”

மனைவி நகர்ந்தாள். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய ஆபீஸ் சட்டைகள் நுரைக்குள் குஷியாக உருண்டுகொண்டிருந்தன.

“இது எப்படி ஓடுது?”

“மெக்கானிக் வந்து பெல்ட்டை மாத்திட்டு இப்பத்தான் போனாரு. பின்வாசல் வழியா.”

“நான் வீட்டுல இருக்கறப்பவா?”

“நேத்து நீங்க ஆபீஸ் போனதும் வந்து பார்த்தாரு. பெல்ட் வாங்கிட்டு இன்னைக்குத்தான் வர முடியும்னாரு. ஐயையோ, இன்னைக்கு எங்க வீட்டுக்காரரு லீவுல இருப்பாரேன்னேன்.”

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

“ரிப்பேரான சின்னச் சாமான் எதாவது இருக்கான்னு கேட்டாரு. இந்த டார்ச்சைக் காட்டினேன்.”

என்ஜினீயர் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார். மனைவி அதை மெதுவாக வாங்கி அணைத்தாள்.

“அவருதாங்க ஸ்க்ரூவை மாத்திப் போட்டுட்டுப் போனாரு.”