கடைசி பார்ஃபே

“புதுத்தளிர் பார்ஃபே இன்னிக்கோட முடியுதுங்க. அதுலயும் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்” என்றாள் பரிமாறும் பெண்.

“அப்போ அது எனக்கு” என்றார் மொரிஷிமா.

சயோரிக்குப் பகீரென்றது.

அவள் வந்து உட்கார்ந்து முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மனுஷன், எதிரே இருப்பவளுக்கு வேணுமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

“உங்களுக்குங்க?” பெண் இவள் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு... வெறும் மாட்சா டீ போதும்.”

சொல்லும்போதே நாக்கு அழுதது.

தேயிலைக்குப் பேர்போன உஜியில் பிறந்து வளர்ந்து, இந்த வருஷப் புதுத்தளிர் பார்ஃபேயைச் சாப்பிடாத ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். ஒரு மாதமாக வேலை முடிந்து ஓடிவரும்போதெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. இன்றுகூட வாசல் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்திருந்த மெழுகு பார்ஃபேயை ஆசைதீரப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அடியில் ஜெல்லி, அதன்மேல் இனிப்புப் பயறு, குட்டி குட்டியாக மூன்று அரிசி உருண்டை, உச்சியில் கரும்பச்சை ஐஸ்கிரீம். மெழுகானால் என்ன, ஒரு கடி கடித்துவிடலாமா என்றிருந்தது.

ஆனால் சம்பந்தம் பேசும் இகுயோ அம்மா காலையிலேயே போனில் பிடித்துவிட்டாள்.

“டீயோட நிறுத்திக்கோ. போன தடவை நீ ரெண்டு கேக்கை உள்ள தள்ளினதைப் பார்த்துட்டுத்தான் அந்த வங்கிக்காரர் பேசாம நழுவிட்டாரு. உனக்கும் முப்பத்தி நாலு ஆயிடுச்சு சயோரி. சாயங்காலம் எனக்கு நல்ல பதிலா சொல்லணும், ஆமா.”

நல்ல பதிலா? இப்பவே சொல்லிவிடலாம் போலிருந்தது.

“நான் ரயில் நிலையத்துல, தொலைஞ்ச சாமான் பிரிவுல இருக்கேங்க” என்றார் மொரிஷிமா. “பெரும்பாலும் குடைதான் வரும்.”

“சொந்தக்காரங்க வந்தா எடுத்துக் கொடுத்துடுவீங்களா?”

“அவங்க கேட்டாத்தாங்க கொடுக்க முடியும்.”

“ஓ. கேக்கணுமா? கேக்கறது நல்ல பழக்கம்தான்” என்றாள் சயோரி.

குத்தல் அவருக்கு உறைத்த மாதிரியே தெரியவில்லை. சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

தட்டு வந்தது. பரிமாறும் பெண் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. ஒரு சாண் உயரப் பார்ஃபேயைச் சயோரியின் முன்னால் வைத்தாள். கசப்பு மாட்சாக் கிண்ணத்தை மொரிஷிமாவின் முன்னால் வைத்தாள். குனிந்து வணங்கிவிட்டுப் போயேவிட்டாள்.

ஆணுக்குக் கசப்பு, பெண்ணுக்கு இனிப்பு. எந்தக் கடைக்குப் போனாலும் இதே கதைதான்.

“ஐயோ, இது உங்களோடது” என்று சயோரி கண்ணாடிக் கோப்பையை நகர்த்தினாள்.

“இருக்கட்டும்ங்க. இப்போ மாத்தினா அந்தப் பொண்ணு பார்த்துட்டு மன்னிப்புக் கேட்டே மாய்ஞ்சுபோகும்.”

“நீங்க ஆசைப்பட்டுக் கேட்டதாச்சே!”

“உருகுதுங்க. சீக்கிரம்.”

உருகத்தான் செய்தது. மரியாதைக்கு இன்னொரு தரம் மறுத்தாள். அடுத்த தரம் மறுக்க வாயைத் திறந்தபோது ஸ்பூன் உள்ளே போய்விட்டது.

அப்புறம் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கோப்பையின் அடியைச் சுரண்டும் சத்தம் பக்கத்து மேஜைவரை கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், மொரிஷிமா முகத்தைச் சுளிக்காமல் டீயைக் குடித்து முடிக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

பாவமாகத்தான் இருந்தது. கேட்காமல் பிடுங்கினவருக்கு நல்லா வேணும் என்றும் இருந்தது.

“இதோ, கை கழுவிட்டு வந்துடறேன்” என்று அவர் எழுந்து உள்ளே போனார்.

சயோரி போனை எடுத்து இகுயோ அம்மாவுக்குத் தட்டினாள். ‘மனுஷன் சாதுதான். ஆனா தனக்குப் போகத்தான் அடுத்தவங்களுக்கு. வேண்டாம்.’

அனுப்ப விரலைக் கொண்டுபோனபோது, பரிமாறும் பெண் கோப்பையை எடுக்க வந்தாள். அடுத்தவர் பார்ஃபேயை வழித்துத் தின்ற உறுத்தலை யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது சயோரிக்கு.

“ஏம்மா, யாருக்குன்னு கேட்டுட்டு வைக்கக் கூடாதா? பார்ஃபே கேட்டது அவர். பொம்பளைன்னா இனிப்புதான்னு நீயா முடிவு பண்ணிட்டா எப்படி?”

பெண்ணின் முகம் சிவந்தது. “மன்னிச்சுக்கோங்க. அவர்கிட்ட எனக்கு எப்பவும் இந்தத் தப்பு வந்துடுது. ஞாயித்துக்கிழமையானா அவங்க அக்காவோட வருவார். நான் பார்ஃபேயை அக்கா முன்னால வெச்சிடுவேன். அந்தப் பக்கம் போனதும் ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே மாத்திக்குவாங்க. அவருக்குத்தான் இனிப்புன்னா உசுரு.”

“தெரிஞ்சுமா இன்னிக்கும் மாத்தி வெச்சே?”

அவர் போன பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பெண் குரலைத் தாழ்த்தினாள்.

“சொல்லக் கூடாதுன்னாருங்க. நீங்க வாசல்ல மூக்கைக் கண்ணாடியில ஒட்டி வெச்சு அந்த மெழுகு பார்ஃபேயைப் பார்த்துக்கிட்டு நின்னீங்க இல்ல? அப்போ கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இதே மேஜையிலதான் அவர் உட்கார்ந்திருந்தார். உடனே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: ‘அவங்க கூச்சப்பட்டுக்கிட்டு டீதான் கேப்பாங்க. பார்ஃபேயை நான் கேக்கறேன். நீங்க வழக்கம்போலத் தப்பாவே வெச்சிடுங்க.’”