நடுவே நாலு நொடி

"அடிக்குரல் மொத்தையா இருக்கு. அங்க சொல்பமா வெட்டினா பையன் பளிச்சுனு கேப்பான்" என்றார் ஒலிப்பதிவாளர் டெஸ்மண்ட், கணினித் திரையில் கோட்டைக் கீழே இழுத்தபடி.

ஆஸ்டின் டவுன் மாடியறை ஸ்டூடியோவில் அவருக்குப் பின்னால் பாகீரதி உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் அஷ்வத் கடைசியாகப் பாடிய ராப் அது. பாடி முடித்து, கூட்டாளி ரங்காவின் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், டிரினிட்டி சர்க்கிளில் ஒரு லாரிக்கு அடியில் போய்விட்டான். வருஷத் திதிக்கு வருகிறவர்களுக்கு சி.டி. போட்டுக் கொடுக்கணும் என்று சொல்லி, ரங்காவையும் அவளே கூட்டி வந்திருந்தாள்.

ரங்காவுக்குப் பதினெட்டு வயது. முதல் சரணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, மைக் அணையாத நாலு நொடியில், அவன் குரலும் இருக்கிறது. பிரேக் பிடிக்கலைன்னா என்னடா, பத்து நிமிஷம்தானே, எடுத்துட்டுப் போ என்று. போலீஸில் அவன் சொன்னது வேறு. அஷ்வத் கேட்காமலே சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

இதுவரை அந்தப் பேச்சு வெறும் முணுமுணுப்பு. ராப்பின் வார்த்தைகள் தெளிவாக விழுவதற்காக டெஸ்மண்ட் கீச்சு ஒலிக்கான ட்ரெபிளை ஏற்ற ஏற்ற, அதுவும் கூடவே மேலே வந்தது. 'பிரேக்' என்ற ஒரு சொல் காதில் விழுந்தே விட்டது.

"அதுக்கு மேல வேணாண்ணா. காது கூசுது" என்றான் ரங்கா.

பாகீரதி அதே இடத்திலிருந்து மூன்றாவது தடவை போடச் சொன்னாள். மகன் பாடும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இடைவெளி வந்தபோதுதான் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினாள்.

யாரோ பின்னால் பேசுவது இடைஞ்சலாக இருக்கிறது, அழித்துவிடுகிறேன், ஒரு கிளிக்தான் என்று டெஸ்மண்ட் தானாகவே சொன்னார். ஒரு வருஷமாக அடைத்துக் கிடந்த மூச்சு ரங்காவுக்கு வெளியே வந்தது.

"ஆமாண்ணா, அழிச்சிடுங்க. அஷ்வத் மட்டும் கேட்டாப் போதும். இல்ல ஆன்ட்டி?"

பாகீரதி அவன் தலையை மெல்லத் தடவிக் கொடுத்தாள். பிறகு டெஸ்மண்டிடம் நிதானமாகச் சொன்னாள்.

"என் பையன் பாடினத எடுத்துடுங்க சார். நடுவுல பேசறானே, அவன மட்டும் நல்லா ஏத்துங்க."