நான்காவது பதிவு

ராக்கெட்டின் நெஞ்சு அடங்க மறுத்தது.

வலது முன்னங்காலுக்குப் பின்னால், மயிரை மழித்த இடத்தில் ஸ்கேன் கருவியை அழுத்தியபடி அவள் கால் மணி நேரமாகக் குந்தியிருந்தாள். திரையில் இதயம் தறிகெட்டு ஓடியது. இப்படி ஓடுகிற இதயத்தை அளந்து பயனில்லை.

நோய் ஒன்றுமில்லாத மட்டக்குதிரைக்கு இதயம் எவ்வளவு பெரிதாக இருக்கும்? அதைக் கணக்கெடுக்கத்தான் வருடத்துக்கு ஒருமுறை மெஷினைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் ஏரிக்கரைக்கு வருகிறாள். நோயில்லாதவற்றை மட்டும் பார்க்கிற டாக்டர். அவளுக்கே அது வேடிக்கைதான்.

ராக்கெட் என்பது பெயரோடு சரி. ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் அதை முந்திக்கொண்டு போவார்கள்.

போன வருடம் அதை சவரியப்பன் பிடித்திருந்தார். வளர்த்தவர். அவர் தட்டினால் போதும், கருவி வைக்கத் தோதாக வலது முன்னங்காலை ஓரடி முன்னே வைத்து, அவர் நெஞ்சில் முகத்தைப் பதித்துக்கொண்டு தூங்குவதுபோல் நின்றது. மூன்று துடிப்பு, மூன்று பதிவு. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பிப்ரவரியில் அவர் நெஞ்சடைத்துப் போய்விட்டார். ஏரிச் சாலை மேட்டில், கயிறு கையில் இருக்கும்போதே. ஆட்கள் வரும்வரை ராக்கெட் பக்கத்திலேயே அசையாமல் நின்றதாம்.

இன்று கயிறு அவர் மனைவி லூர்துவின் கையில்.

"ஒரு தலைவலின்னு படுத்ததில்ல டாக்டரம்மா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஏதாச்சும் பண்ணியிருப்போம்ல."

அவள் தலையை ஆட்டினாள்.

திரை தெளிவாகத் தெரிவதற்காகக் கொட்டிலைச் சுற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தது. மதியம் இரண்டு மணிதான். இடுக்குகளில் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

குதிரை கொஞ்சம் அடங்கட்டும் என்று கருவியை எடுத்தாள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று போன வருடத்துக் கோப்பைத் திறந்தாள்.

ராக்கெட். மூன்று பதிவுகள் இருக்க வேண்டும்.

நான்கு இருந்தன.

நான்காவதைத் தொட்டாள்.

ஒரு சிறிய இதயம் துடித்தது. ரத்தம் ஓடும் ஓசையும் கூடவே வந்தது, வாளித் தண்ணீரில் துணி அலசுவதுபோல.

அவளுக்கு நினைவு வந்தது.

அன்று வேலை முடிந்து டீ வந்திருந்தது. சவரியப்பன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "என்னதையும் ஒருதடவ பாருங்க டாக்டரம்மா." ஜெல்லின் குளிர்ச்சியில் கூசிச் சிரித்தார். அவள் விளையாட்டாகக் கருவியை வைத்தாள். கை பழக்கத்தில் இதயத்தின் இடது அறையின் குறுக்கே கோடு இழுத்து அளந்தது. ஏழு புள்ளி இரண்டு சென்டிமீட்டர். காலையிலிருந்து பதினொரு குதிரைகளின் இதயத்தைப் பார்த்திருந்த கண் அது. "ராக்கெட்டோடதவிடச் சின்னதுதாண்ணே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

பதிவு குதிரையின் பெயரிலேயே தங்கிவிட்டது.

இப்போதுதான் அதை ஒரு மனிதனின் இதயமாகப் பார்த்தாள்.

குதிரைக்கு ஏழு சின்னதுதான். மனிதனுக்கு ஆறைத் தாண்டினாலே ஆபத்து.

ஊதிப்போன அறை. அசைய மனமில்லாத சுவர்.

முன்னாடியே தெரிந்திருந்தது. அவள் கண்ணுக்கு எதிரே, அவளே அளந்து எழுதியது.

கயிறு இழுபடும் சத்தம் கேட்டது.

ராக்கெட்டின் இரண்டு காதுகளும் மெஷின் பக்கம் திரும்பியிருந்தன. லூர்துவை இழுத்துக்கொண்டு ஓரடி வந்தது. இன்னோரடி. முகத்தைத் தாழ்த்தி, ஓசை வரும் இடத்தில் பதித்துக்கொண்டது. கண்கள் பாதி மூடின.

பிறகு, யாரும் தட்டாமலே, வலது முன்னங்காலை முன்னே எடுத்து வைத்தது.

அவள் ஸ்டெதஸ்கோப்பை அதன் நெஞ்சில் வைத்தாள். துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அறுபது. நாற்பது. அப்புறம் ஒரு துடிப்பு விட்டுப்போய், மறுபடி தொடங்கியது. நிம்மதியாக நிற்கிற குதிரைக்கு மட்டும் வருகிற இடைவெளி அது. பயந்தால் வராது.

பதிவு நான்கு விநாடிதான். முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடும்.

சவரியப்பனின் இதயம் நின்றது. தொடங்கியது. நின்றது. தொடங்கியது.

"அவரு போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் இப்படி நிக்கிறான்" என்றாள் லூர்து. "அதென்ன சத்தம் டாக்டரம்மா?"

"பழைய பதிவு அக்கா. ராக்கெட்டோடது."

சொல்லிவிட்டாள். நிறுத்துகிற பொத்தானைத் தேடி விரல் போனது.

லூர்து அருகில் வந்து நின்றாள். படுக்கையில் ஒரு நெஞ்சின் மேல் சாய்வதுபோலத் தலையை ஒருபக்கம் சாய்த்தாள். கயிற்றின் மேல் அவளுடைய கட்டைவிரல் மெல்லத் தட்டத் தொடங்கியது.

ஒவ்வொரு தட்டும், துடிப்பு வருவதற்குச் சற்று முன்னால் விழுந்தது.

"நிறுத்தாதீங்க."

திரையின் மூலையில் ஏழு புள்ளி இரண்டு என்ற அந்த எண் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

நிறுத்தப் போன கையின் உள்ளங்கையால் அவள் அதை மூடிக்கொண்டாள்.