போகாத சாயம்

"ஒனக்கு எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்? செக்கப்புக்கு வர்றப்ப நெயில் பாலிஷ் போடக்கூடாதுன்னு!"

ஆரோக்கியதாஸ் போட்ட சத்தத்தில், அந்தப் புதுக்கோட்டை கிளினிக்கில் டோக்கனோடு காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் போடலப்பா" என்றாள் பிரின்சி. வயது ஒன்பதுதான், வாய்க்கு மட்டும் பத்தொன்பது.

"அப்ப என்ன, மாதா வந்து பூசிட்டுப் போனாங்களா? ஒங்கம்மா வேலையா இது?"

"அம்மா டீச்சருப்பா. அவங்களே பூச மாட்டாங்க."

கோபமெல்லாம் மேலுக்குத்தான், உள்ளே பயம். பிரின்சிக்குப் பிறவியிலேயே இதயத்தில் இரண்டு பம்புக்குப் பதில் ஒன்றுதான். இரண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம் நுரையீரல் குழாய்கள் தாமாகக் குறுக்கு வழி போட்டுக்கொண்டன. "விராலிமலைக்குள்ள வராம பைபாஸ்லயே போயிடுற மதுரை பஸ் மாதிரிங்க. ஸ்டாண்டுல ஆக்சிஜன் காத்துக் கெடக்கும், ரத்தம் அத ஏத்தாமப் போயிரும்" என்று டாக்டர் விளக்கியிருந்தார்.

அதைச் சரிசெய்யச் செய்த மூன்றாவது ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாளே ஆரோக்கியதாஸ் மஸ்கட்டுக்கு விமானம் ஏற வேண்டியதாயிற்று. எட்டு மாதம் கழித்து நேற்றுச் சாயங்காலம்தான் வந்து இறங்கினான். 'நல்லாத் தேறிட்டா, நீங்களே வந்து பாருங்க' என்று ஷர்லி போனில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். தூரதேசத்தில் இருக்கிற புருஷனிடம் எந்தப் பெண்டாட்டிதான் வேறு மாதிரி சொல்வாள்?

குறுக்கு வழியெல்லாம் அடைபட்டதா என்று இன்று தெரிந்துவிடும். நகத்தின் வழியாக ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டுகிற கிளிப் தொண்ணூறுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி தொடை வழியாகக் குழாய்.

"சிஸ்டர், பாலிஷ் அழிக்கிறது இருக்குங்களா?"

நர்ஸ் சத்யா இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு சின்ன பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து நீட்டினாள். "பொம்பளப் புள்ளைங்க வர்ற எடமாச்சே. இதுக்குன்னே வச்சிருக்கோம் சார்."

ஆரோக்கியதாஸ் மகளின் கையை மடியில் வைத்துத் தேய்த்தான். போகவில்லை. பஞ்சை மாற்றித் தேய்த்தான். கட்டைவிரலோடு மல்லுக்கட்டியே அவனுக்கு வேர்த்துவிட்டது.

"வலிக்குதுப்பா."

"பொறு ஆத்தா. நல்ல கம்பெனிச் சரக்கு போல, விட மாட்டேங்குது. ஆமா, ஒதட்டுல என்னத்தத் தடவுன?"

"பஸ் ஸ்டாண்டுல ரோஸ்மில்க் வாங்கித் தந்தது யாராம்?"

"டோக்கன் ஏழு!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்த சத்யா, பிரின்சியின் ஆள்காட்டி விரலில் கிளிப்பை மாட்டினாள். ஆரோக்கியதாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"தொண்ணூத்தி நாலு."

அவன் சந்தோஷப்படவில்லை. கண்ணைத் திறந்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாத்தீங்களா சிஸ்டர், மெஷின் பொய் சொல்லுது! எல்லாம் இந்தப் பாலிஷால வந்தது. இருங்க, நல்லா அழிச்சுத் தாரேன், மறுபடி பாருங்க."

"குடுங்க சார், நான் பாக்குறேன்" என்று சத்யா அந்தப் பிஞ்சு விரலை வாங்கி நகத்தை ஒரு அழுத்து அழுத்தினாள். வெளுத்தது. விட்டாள். ரோஜா நிறம் ஓடி வந்து நிறைந்தது.

"பூசுன சாயம் இப்புடி வெளுத்துச் செவக்குமா சார்? இது நல்ல ரத்தம் ஓடுற நகத்தோட சொந்த நெறம். எல்லாப் புள்ளைங்களுக்கும் இருக்கறதுதான். நீங்க பாத்ததே இல்லயா?"

இல்லை என்று தலையாட்டினான் ஆரோக்கியதாஸ். பிறந்த நாளிலிருந்து அந்தப் பத்து நகங்களையும் அவன் நாவல்பழ நீலத்தில்தான் பார்த்திருக்கிறான்.