பால் நிற அலமாரி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரகடத்து வீட்டில் ஆசாரி வைத்து அலமாரி செய்யத் தொடங்கினேன். இனி சாகும்வரை அதன் எதிரில்தான் எனக்குக் காபி!

"தேக்கு வூட்டையே இருட்டாக்கிடும் சார். வெளுப்பா ஆஷ் மரம் போடுங்க," என்றார் தினமும் வந்து பார்க்கும் தாவீது.

ஆசாரி இழைக்க இழைக்க மரம் பாலாடையாக மின்னியது.

"சாயம் பூசாதீங்க அங்கிள், ரேகை மறைஞ்சிடும்," என்றான் தாவீதின் மகன் ஜோயல்.

"செவுத்தோட பதிச்சிடுங்க சார். தனியா நின்னா ஆடிக்கினே இருக்கும்," என்றார் தாவீது.

கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு அக்கறைப்பட மாட்டான். சொன்னபடியே முடித்தேன். ஒரகடத்துத் தொழிற்சாலைகள் அத்தனையும் லீவு விட்டு வந்து பார்க்க வேண்டிய அழகு!

தாவீது அதைத் தடவித் தடவிக் கண் கலங்கினார்.

"சொந்த வூடாட்டம் பாத்துக்கினீங்க சார்! தை மாசம் ஜோயலுக்குக் கல்யாணம். அதுக்குள்ள வூட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க."