தெத்துப்பல்

உபதேசியார் ஓலை வாசிக்க எழுந்ததும், அவள் நாக்கை மடக்கி மேல்வரிசைப் பல்லை அண்ணத்தோடு அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

இருந்தது. இன்னும் இரவல் பொருள் போலத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண், மாப்பிள்ளை பேரை வாசிப்பார்கள். தடை சொல்ல வேண்டியவர்கள் அங்கேயே எழுந்து சொல்லிவிட வேண்டும். இன்று மூன்றாம் ஓலை. இதற்குப் பிறகு தாலிதான்.

போன ஞாயிறும் அவள் எழுந்தாள்.

‘தடை’ என்று சொல்லப் பல் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் காய்ச்சலும், அதற்குக் கொடுத்த பாதரச மருந்தும் அவள் வாயில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ‘அஹை, அஹை’ என்று காற்றுதான் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபை முழுக்கச் சிரித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை பால்துரையும் திரும்பிப் பார்த்து, யாரோ புத்தி பிசகிய கிழவி என்று சிரித்தான்.

அவளுக்கு முப்பதுதான் தாண்டியிருந்தது.

மறுநாள் காலை ரயிலில் இராஜபாளையம் போனாள். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சீனாக்காரர் பல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெழுகில் பதித்துக் காட்டினார். முத்துக் கோத்த மாதிரி வரிசை. அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். இடது பக்கக் கோரைப்பல்லைக் கட்டைவிரலால் முன்னே தள்ளி, பக்கத்துப் பல்லின் மேல் ஏற்றி வைத்தாள்.

“ஊரே தெத்துப்பல்ல நேராக்கித் தாங்கன்னு வருது. நீ என்னம்மா, கேட்டு வாங்கிக் கோணலா வைக்கச் சொல்லுத?” என்றார் அவர். இந்த மண்ணிலேயே பிறந்தவர் போலப் பேசினார்.

அவள் முடிச்சை அவிழ்த்துப் பல்லுக்கான பணத்தை எண்ணி வைத்தாள். கம்மல் போன காதுத் துளையில் ஈர்க்குச்சி செருகியிருந்தது.

நேற்றுப் பல்லோடு திரும்பி வரும்போது, ரயில் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டே வந்தாள். தடை. தடை. தடை.

இப்போது பாயில் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை அவள் காதோரம் குனிந்தாள். “நீ வெளியூரா தாயி? போன வாரம் ஒரு கிழவி எந்திரிச்சு ‘அஹை’ன்னுச்சு பாரு, சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு. இன்னிக்கு அதக் காணோம்.”

முந்தானையால் வாயை மூடியபடியே அவள் தலையசைத்தாள்.

முன்வரிசையில் கல்யாணப் பெண் தேவகிருபை. சின்னப் பெண். போன வாரம் அவ்வளவு பேரில் சிரிக்காதவள் இவள் ஒருத்திதான். கிழவி தடுமாறியபோது நகர்ந்து இடம் விட்டு, ஆச்சி என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்து உட்கார வைத்தவள்.

எல்லாவற்றையும் யோசித்து வந்தவள், அந்தக் கையை மட்டும் யோசிக்கவில்லை. எழாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

“...விவாகத் தடை ஏதாகிலும் அறிந்தவர்கள்...”

எழுந்தாள்.

“தடை உண்டு, ஐயா.”

எழுத்து எழுத்தாக விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. தேவகிருபையின் முதுகு மட்டும் விறைத்தது.

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். யாரம்மா நீ, எந்த ஊர், உன் பேர் என்ன என்று கேட்டார்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரிடமும் அவள் தன் பேரைச் சொன்னதில்லை. முந்தானையை இறக்கிவிட்டு, ஆண்கள் பக்கம் திரும்பி, ஓர் ஆளைப் பார்த்து, தாலி கட்டிக்கொண்ட அன்றைக்குச் சிரித்த மாதிரியே சிரித்தாள்.

இடது ஓரத்தில் தெத்துப்பல் எட்டிப் பார்த்தது.

“அன்னாளு...” என்றான் பால்துரை, தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொள்வதற்குள்.